“இன்றைக்கு அரண்மனை மூடியிருக்கிறது” என்று ஒருவர் வந்து சொன்னால்

கேள்வி:

வணக்கம் சார். நானும் என் வீட்டுக்காரரும் நாத்தனாரும் ஐந்து நாள் பயணமாகத் தாய்லாந்து போகிறோம். மூன்று பேருமே அறுபதைத் தாண்டியவர்கள், வெளிநாடு போவது இதுதான் முதல் தடவை. டிக்கெட், ஹோட்டல் எல்லாம் மகன் போட்டுக் கொடுத்துவிட்டான். பாங்காக்கில் நாங்கள் தனியாக இருப்போம். கடைசி இரண்டு நாள் பட்டாயாவில் அவன் வந்து சேர்ந்துகொள்வான்.

எங்கள் தெருவில் ஒருவர் சில மாதங்களுக்கு முன்னால் பாங்காக் போனார். அரண்மனை பக்கத்தில் யாரோ “இன்றைக்கு லீவு” என்று சொல்லி ஆட்டோவில் ஏற்றிவிட, கடைசியில் அறுபதாயிரம் ரூபாய்க்கு நீலக்கல் வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறார். இங்கே நகைக்கடையில் காட்டினால் பத்தில் ஒரு பங்குகூடப் பெறாது என்கிறார்கள். பேங்க்கில் மேனேஜராக இருந்து ரிட்டையர் ஆனவர் அவர். அவரே ஏமாந்தால் நாங்கள் எந்த மூலைக்கு? “அங்கே போய் யாரோடும் வாயைத் திறக்காதே” என்கிறார் வீட்டுக்காரர். பேசாமல் பேக்கேஜ் டூரிலேயே போயிருக்கலாம் என்கிறார் நாத்தனார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? அந்த அண்ணனுக்குப் பணம் திரும்பக் கிடைக்க ஏதாவது வழி உண்டா?

ஒரு வாசகி, கரூர்

பதில்:

அம்மா, தைரியமாகப் போய் வாருங்கள். நம் ஊர்க் குழுக்களைத் தென்கிழக்கு ஆசிய நாடுகளுக்குக் கூட்டிக்கொண்டு போய் வருவதுதான் என் தொழில். முதல் தடவை வெளிநாடு போகிற வயதானவர்களுக்குப் பாங்காக் நல்ல ஊர் என்று மனதாரச் சொல்வேன். மக்கள் மரியாதையானவர்கள், பயணிகளை அடித்துப் பறிப்பது குறைவு. அங்கே நடப்பது பெரும்பாலும் பேசி ஏமாற்றுவது. அது எப்படி நடக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்தவரிடம் அந்தப் பேச்சு எடுபடாது.

முதலில் உங்கள் தெரு அண்ணனைப் பற்றி. அவர் பேராசையாலோ விவரம் தெரியாமலோ ஏமாந்தார் என்று தயவுசெய்து யாரும் பேச வேண்டாம். அவருக்கு நடந்தது ஒரே ஒரு ஆள் சொன்ன பொய்யில்லை. நாலைந்து பேர் சேர்ந்து, ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள்போல நடத்துகிற நாடகம் அது. பல வருடங்களாக அதே தெருக்களில், கிட்டத்தட்ட அதே வசனங்களோடு நடக்கிறது. டாக்டர்கள், வக்கீல்கள் எல்லாம் இதில் ஏமாந்திருக்கிறார்கள்.

கிராண்ட் பேலஸ் என்கிற அந்த அரண்மனையைச் சுற்றியுள்ள மதில் ஏறக்குறைய 2 கிலோமீட்டர் நீளம். பயணிகள் உள்ளே போகிற வாசல் வடக்குப் பக்கம், நா ஃப்ரா லான் சாலையில் இருக்கிறது. ஆனால் வாட் போ கோயிலைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் தெற்கிலிருந்து மதிலோரமாக நடந்து வருவார்கள். வழியில் அவர்கள் பார்க்கிற கதவுகள் பூட்டித்தான் இருக்கும், ஏனென்றால் அவை பயணிகளுக்கான வாசல்களே இல்லை. வெயில் வேறு. அந்த இடத்தில் சட்டையை டக் இன் செய்த, கழுத்தில் ஏதோ அடையாள அட்டை தொங்குகிற ஒருவர் சிரித்துக்கொண்டே வந்து, “இன்றைக்கு புத்தர் விசேஷ நாள். மதியம் ஒரு மணிக்கு மேல்தான் திறப்பார்கள்” என்கிறார். கண்முன்னால் பூட்டிய கதவு இருக்கிறது. யாருக்குத்தான் நம்பத் தோன்றாது?

அப்புறம் அவர் உங்கள் வரைபடத்தை வாங்கி, “அதுவரைக்கும் இந்த நின்ற புத்தரைப் பாருங்கள், லக்கி புத்தரைப் பாருங்கள்” என்று வட்டம் போட்டுக் கொடுப்பார். 32 மீட்டர் உயர நின்ற புத்தர் வாட் இந்தரவிஹான் கோயிலில் உண்மையாகவே இருக்கிறார். அந்தப் பெயரைச் சொல்வதால் மற்றதும் உண்மைபோலத் தெரியும். கூடவே, “வெள்ளை நம்பர் பிளேட் டுக்டுக் அரசாங்கத்துடையது, 20 பாத் கொடுத்தால் போதும், எல்லா இடமும் சுற்றிக் காட்டுவார்” என்பார். டுக்டுக் என்பது அந்த ஊர் ஆட்டோ, பாத் அந்த ஊர்ப் பணம். அரசாங்க டுக்டுக் என்று ஒன்று கிடையாது. 20 பாத்துக்கு ஒரு மணி நேரம் யாராலும் வண்டி ஓட்ட முடியாது. பெட்ரோல் கூப்பனும் கமிஷனும் கடைக்காரர் கொடுக்கிறார், அந்த டிரைவர் ஓட்டுவது அதற்காகத்தான்.

அடுத்தது, கூட்டமே இல்லாத ஒரு சின்னக் கோயில். அங்கே ஒருவர் அமைதியாகக் கும்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எதையும் விற்க மாட்டார். எந்த ஊர் என்று விசாரிப்பார். சென்னைக்கு வந்திருக்கிறேன் என்றுகூடச் சொல்வார். பேச்சோடு பேச்சாக, அரசாங்கம் வருடத்தில் ஒரு வாரம் மட்டும் வரியில்லாமல் ரத்தினக் கற்கள் விற்கிறது, இன்றைக்குத்தான் கடைசி நாள், நானே போன வருடம் வாங்கி வெளிநாட்டில் இரண்டு மடங்குக்கு விற்றேன் என்பார். இந்த ஆள்தான் நாடகத்தின் உயிர். முதல் ஆளும் டுக்டுக் டிரைவரும் கல்லைப் பற்றி வாயே திறந்திருக்க மாட்டார்கள். சம்பந்தமே இல்லாத மூன்றாவது ஆள் சொல்கிறார் என்பதால்தான் மனது நம்புகிறது. டுக்டுக் அடுத்து நிற்கிற இடம் அந்தக் கடைவாசல்.

தாய்லாந்து அரசாங்கம் பயணிகளுக்கு அப்படி எந்தக் கல் விற்பனையும் நடத்துவதில்லை. ஆனால் தாய்லாந்து ரத்தினக் கல் வியாபாரத்துக்குப் பெயர்போன நாடு என்பது நிஜம். சந்தபுரி மாகாணத்து மாணிக்கமும் நீலமும் பிரசித்தம். உலகத்தின் பல மூலைகளிலிருந்து வெட்டாத கற்கள் பாங்காக்குக்கு வந்து பட்டை தீட்டப்படுகின்றன. இந்த நிஜத்தின் மேல்தான் பொய் கட்டப்படுகிறது. நம்மவர்களுக்கு இதில் கூடுதல் ஆபத்து உண்டு. ராசிக்கல், நவரத்தினம் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நீலம் என்றதும் சனி ஞாபகம் வருகிறது, ஜோசியர் எப்போதோ சொன்னது ஞாபகம் வருகிறது. கல்லுக்கு அவர்கள் சொல்கிற விலை நமக்கு அந்நியமாகவே படாது.

கடையில் ஒரு சர்டிபிகேட்டும் கொடுப்பார்கள். அது பொய் சர்டிபிகேட்டாக இருக்க வேண்டியதில்லை. இது இயற்கையான நீலக்கல் என்று அதில் எழுதியிருக்கலாம், அதுவும் உண்மையாக இருக்கலாம். ஆனால் அதில் விலை இருக்காது. நிறம் மங்கிய, கீறலும் கசடும் உள்ள மட்டமான கல்லும் நீலக்கல்தான். கல் என்ன என்பதற்குத்தான் அந்தக் காகிதம் சாட்சி. அதன் மதிப்புக்குச் சாட்சி இல்லை. பேங்க் மேனேஜரும் தடுமாறுகிற இடம் இது. சில கடைகள், “பத்திரமாக நாங்களே தபாலில் அனுப்பிவிடுகிறோம்” என்றும் சொல்லும். நீங்கள் ஊர் திரும்பிய பிறகுதான் கல் கையில் கிடைக்கும். அதுவரை வேறு யாரிடமும் காட்டிப் பார்க்க முடியாது. அதற்குத்தான் அந்த உபசாரம்.

வாயைத் திறக்காதே என்று உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் அக்கறை தெரிகிறது. ஆனாலும் அதை நான் ஏற்க மாட்டேன். யாரோடும் பேசாமல் ஒரு ஊரைப் பார்த்துவிட்டு வருவதில் என்ன இருக்கிறது? வழி தெரியாமல் நிற்கும்போது கேட்கத்தான் வேண்டும். நீங்களாகத் தேர்ந்தெடுத்துப் போய்க் கேட்கிற ஆள், அதாவது பழக்கடைக்காரம்மா, ஸ்டேஷன் ஊழியர், பள்ளிக்கூடப் பிள்ளைகள், பொய் சொல்வது மிகமிக அபூர்வம். தானாக வந்து பேசுகிறவர்களிலும் பலர் நல்லவர்களே. அதனால் ஆளை எடை போடுவதை விட்டுவிடுங்கள். சட்டை, சிரிப்பு, அடையாள அட்டை, இங்கிலீஷ் எதையும் பார்க்க வேண்டாம். அவர் சொல்கிற செய்தியைப் பாருங்கள். நீங்கள் கேட்காமலே வந்து ஒருவர் சொன்ன செய்தியால் உங்கள் அன்றைய திட்டம் மாறுகிறதா? போக நினைத்த இடத்துக்குப் போகாமல் வேறு இடத்துக்குக் கிளம்புகிறீர்களா? அப்படியானால் அங்கேயே நின்றுவிடுங்கள். அரண்மனை மூடியிருக்கிறது, உங்கள் ஹோட்டல் ரிப்பேர், படகு இன்றைக்கு ஓடவில்லை, ஏடிஎம் வேலை செய்யவில்லை — எல்லாமே ஒரே ஜாதிப் பொய்.

சிரித்துக்கொண்டே ஒரு நோ தேங்க்யூ சொல்லிவிட்டு நடையைக் கட்டலாம். தாய் மொழியில் சொல்ல ஆசையென்றால் நீங்களும் நாத்தனாரும் “மாய் ஆவ் கா” என்றும், உங்கள் வீட்டுக்காரர் “மாய் ஆவ் க்ராப்” என்றும் சொல்லலாம். வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்வது அது. நிற்காதீர்கள், அது முக்கியம். மரியாதைக்காக நின்று முழுதும் கேட்பது நம் வழக்கம். அவர்களுக்குத் தேவையானதும் அதுவே.

கிராண்ட் பேலஸ் காலை 8.30 மணிக்குத் திறக்கும், பிற்பகல் 3.30 வரை டிக்கெட் கொடுப்பார்கள். அரச குடும்ப விசேஷங்களுக்காகச் சில நாட்களில் மூடுவது உண்மையில் உண்டு. அதனால் முந்தின நாள் இரவே ஹோட்டல் ரிசப்ஷனில் கேட்டுக்கொள்ளுங்கள், அல்லது மகனை அரண்மனையின் அதிகாரபூர்வ இணையதளத்தில் பார்க்கச் சொல்லுங்கள். பதில் கையில் இருந்தால் தெருவில் யார் என்ன சொன்னாலும் கலங்க மாட்டீர்கள். டிக்கெட் வெளிநாட்டவருக்கு 500 பாத், தாய்லாந்து மக்களுக்கு இலவசம். வாட் போவிலும் இப்படித்தான், நமக்கு 300 பாத். இது ஏமாற்று வேலையில்லை, அதிகாரபூர்வமான கட்டணம். கவுன்டரில் சண்டை போட வேண்டாம். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும் என்பது விதி. சேலை, சுடிதார், முழு பேன்ட் எல்லாம் சரி. “இந்த உடையில் விட மாட்டார்கள், இங்கே வாடகைக்கு எடுங்கள்” என்று வெளியில் யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு நிற்காமல் வாசலுக்கே போய்விடுங்கள். விடுவதா இல்லையா என்று வாசலில் இருப்பவர்கள் சொல்லட்டும்.

மெட்ரோவில் சனம் சாய் ஸ்டேஷனில் இறங்குங்கள். வாட் போ அங்கிருந்து ஐந்து நிமிட நடைதான். 46 மீட்டர் நீளத்தில் சயனித்திருக்கும் புத்தரைப் பார்க்கும்போது உங்களுக்குக் கட்டாயம் ஸ்ரீரங்கம் ஞாபகம் வரும். அரண்மனையை முதலில் முடிப்பது நல்லது, காலை 8.30-க்கே போய்விட்டால் வெயிலும் கூட்டமும் குறைவு. ஸ்டேஷனிலிருந்து நடப்பது சிரமமென்றால் ஹோட்டலிலிருந்தே கிராப் அல்லது போல்ட் ஆப்பில் வண்டி போட்டு, வடக்கு வாசலில் போய் இறங்கிக்கொள்ளுங்கள். பூட்டிய கதவுகளைத் தாண்டி நடக்க வேண்டிய வேலையே இல்லாமல் போய்விடும்.

அரண்மனைக்கு எதிரே சனம் லுவாங் மைதானப் பக்கம், புறாவுக்குப் போடச் சொல்லிச் சோளப் பையை உங்கள் கையில் திணிக்கிறவர்களும் இருப்பார்கள். இலவசம்போலக் கொடுத்துவிட்டுப் பிறகு காசு கேட்பார்கள். கையை நீட்டாதீர்கள், அவ்வளவுதான்.

படகு விஷயத்திலும் ஒரு வார்த்தை. சாவ் பிரயா ஆற்றில் ஆரஞ்சுக் கொடி கட்டிய எக்ஸ்பிரஸ் படகு நம் டவுன் பஸ் மாதிரி, எங்கே ஏறினாலும் எங்கே இறங்கினாலும் ஒரே கட்டணம், 20 பாத்துக்குள்தான். வாட் போ எதிரே உள்ள தா தியென் துறையிலிருந்து அக்கரையில் இருக்கும் வாட் அருண் கோயிலுக்குப் போகிற தோணிக்கு அதைவிடக் குறைவு. ஆனால் டுக்டுக்காரர் கொண்டுபோய் விடுகிற தனியார் படகுத்துறையில் மூன்று பேருக்கு ஆயிரக்கணக்கில் கேட்பார்கள். படகுத்துறையை நீங்களாகத் தேடிப் போங்கள்.

சுவர்ணபூமி விமான நிலையத்தில் இறங்கியதும் வரவேற்புக் கூடத்தில் “டாக்ஸி, டாக்ஸி” என்று கூப்பிடுகிறவர்களைத் தாண்டி முதல் தளத்துக்கு இறங்குங்கள். அங்கே ஒரு மெஷின் வரிசை எண்ணோடு சீட்டு தரும். சாதாரண டாக்ஸியில் மீட்டர் 35 பாத்தில் ஆரம்பிக்கும். விமான நிலையக் கட்டணம் 50 பாத்தும், எக்ஸ்பிரஸ்வேயில் போனால் டோலும் தனி. அந்தச் சீட்டை டிரைவர் கேட்டாலும் கொடுக்காதீர்கள், அதில்தான் வண்டி விவரம் இருக்கிறது. மீட்டர் போட மாட்டேன் என்றால் இறங்கி அடுத்த வண்டி. பெட்டிகளைத் தூக்கி வைப்பதற்கு முன்பே மீட்டரைக் காட்டிக் கேட்டுவிட்டால் இந்த அலைச்சலும் இல்லை.

கிளம்புவதற்கு முன்பே ஒரு ஏமாற்று இருக்கிறது, மகனிடம் சொல்லுங்கள். 2025 மே 1 முதல் தாய்லாந்துக்குள் போகிற வெளிநாட்டவர்கள் எல்லோரும் டிஜிட்டல் வருகைப் படிவம் ஒன்றை இணையத்தில் நிரப்ப வேண்டும். அது முழுக்க இலவசம். பயணத்துக்கு முந்தின மூன்று நாட்களுக்குள் நிரப்பினால் போதும். கூகுளில் தேடினால் பணம் கேட்கும் தளங்கள் மேலே வந்து நிற்கும். குடிவரவுத் துறையின் தளம் மட்டுமே அசல். காசு கேட்டால் மூடிவிடுங்கள்.

பாங்காக்கில் சுகும்வித் சாலைப் பக்கம் தங்குகிறீர்கள் என்றால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். தலைப்பாகை கட்டிய ஒருவர் எதிரே வந்து “உங்கள் முகத்தில் யோகம் தெரிகிறது” என்பார். ஒரு காகிதத்தில் ஏதோ எழுதிக் கசக்கி உங்கள் உள்ளங்கையில் வைப்பார். பிடித்த பூ என்ன, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஒரு எண் என்ன என்று கேட்பார். நீங்கள் சொன்ன பதில் அந்தக் காகிதத்திலேயே இருக்கும். பேச்சு நடக்கும்போதே காகிதத்தை மாற்றிவிடுகிற கைவேலை அது. அடுத்து குடும்பத்துக்கு ஒரு கஷ்டம், அதற்குப் பரிகாரம், அதற்குப் பணம் என்று போகும். பாங்காக்கில் சாமி கும்பிட ஆசையென்றால் சீலோம் சாலையில் நம் தமிழர்கள் 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய மகா மாரியம்மன் கோயில் இருக்கிறது. அங்கே போய் நிம்மதியாக அர்ச்சனை செய்துகொள்ளுங்கள். தாய்லாந்து மக்களும் பூத்தட்டோடு வந்து அம்மனைக் கும்பிடுவதைப் பார்க்கலாம்.

இன்னொரு ஆள் “நீங்கள் இந்தியாவா? உங்கள் ஊர் ரூபாய் நோட்டைப் பார்த்ததே இல்லை, காட்டுங்களேன்” என்று ஆசையாகக் கேட்பார். பர்ஸைத் திறந்தால் நோட்டுகளைத் தொட்டுப் பார்க்கிற சாக்கில் சிலதை உருவிவிடுவார். தெருவில் பர்ஸைத் திறக்கவே வேண்டாம்.

பட்டாயாவில் மகன் ஜெட் ஸ்கி ஓட்ட ஆசைப்பட்டால் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: பாஸ்போர்ட்டை அடமானமாகக் கொடுக்கக் கூடாது. திரும்பி வந்ததும் ஏற்கெனவே இருந்த கீறலைக் காட்டி “நீதான் உடைத்தாய்” என்று ஆயிரக்கணக்கில் கேட்பது அங்கே பழைய வழக்கம். பாஸ்போர்ட் அவர்களிடம் மாட்டிக்கொண்டால் பேரம் பேசக்கூட வழியில்லை. ஓட்டுவதற்கு முன் வண்டியை அடிப்பக்கம் உட்பட வீடியோ எடுக்கட்டும். வாடகை பைக்குக்கும் இதுதான்.

நாத்தனார் சொல்வதுபோல பேக்கேஜில் போயிருந்தால் தப்பியிருப்பீர்களா? இதில் என் தொழிலைச் சேர்ந்தவர்களைப் பற்றியே சொல்ல வேண்டியிருக்கிறது. நம்ப முடியாத விலைக்கு விற்கப்படுகிற பேக்கேஜ்களில், அந்தக் குறைவை ஈடுகட்டுவது கடைகள் கொடுக்கிற கமிஷன். அதனால்தான் கோயிலுக்கு அரை மணி நேரமும் நகை ஷோரூமுக்கு ஒன்றரை மணி நேரமும் ஒதுக்குகிறார்கள். அதைத் திருட்டு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே வாங்குகிற பொருளின் விலையில் வேன், கைடு, சாப்பாடு எல்லாம் சேர்ந்திருக்கிறது. வழித்துணை வேண்டுமென்றால் ஹோட்டல் மூலமாக ஒரு நாளைக்கு மட்டும் உரிமம் உள்ள கைடை அமர்த்துங்கள். “கடைக்குப் போக வேண்டாம்” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, மூன்று பேர் கார்டையும் ஒரே பையில் வைக்காதீர்கள். பேங்க் ஆப்பில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை ஆன், ஆஃப் செய்யவும் வரம்பு வைக்கவும் வசதி இருக்கிறது. தினசரி வரம்பைக் குறைவாக வையுங்கள். அறுபதாயிரத்துக்குக் கார்டைத் தேய்க்கச் சொன்னாலும் தேயாது. வரம்பை மாற்ற உட்கார்ந்து யோசிக்கிற அந்த இரண்டு நிமிடம் உங்களைக் காப்பாற்றலாம். கடையிலோ ஏடிஎம்மிலோ “ரூபாயில் எடுக்கவா, பாத்தில் எடுக்கவா” என்று கேட்டால் பாத் என்றே சொல்லுங்கள். ரூபாய் என்றால் அவர்கள் வைத்த மாற்று விகிதம், அது நமக்கு நஷ்டம்.

மூன்று பேர் ஃபோனிலும் 1155 என்ற எண்ணைப் பதிந்து வையுங்கள். சுற்றுலா போலீஸ், 24 மணி நேரமும் இங்கிலீஷில் பேசலாம். மிரட்டல், பில் தகராறு எதுவாக இருந்தாலும், அங்கேயே நின்று, தகராறு செய்கிறவர்கள் காது கேட்க அந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள். பல நேரம் கூப்பிட ஆரம்பித்ததுமே குரல் இறங்கிவிடும்.

இனி உங்கள் தெரு அண்ணனுக்கு. பாங்காக்கில் இருக்கும்போதே தெரிந்திருந்தால் சுற்றுலா போலீஸைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போய், பணத்தில் ஒரு பகுதியாவது வாங்கியிருக்கலாம். இப்போது அது கஷ்டம், ஆனால் முயற்சியை விட வேண்டாம். கார்டில் கொடுத்திருந்தால் இன்றைக்கே அவருடைய பேங்க்குக்கு எழுத்தில் புகார் கொடுக்கட்டும். சார்ஜ்பேக், அதாவது கார்டில் போன பணத்தைப் பேங்க் மூலமாகத் திரும்பக் கேட்பதற்குக் காலக்கெடு உண்டு, மாதங்கள் ஓடிவிட்டதால் ஒவ்வொரு நாளும் முக்கியம். நகைக்கடையில் வாயால் சொன்னது பேங்க்குக்குப் போதாது. ரத்தினப் பரிசோதனைக் கூடத்தில் கல்லின் தரத்துக்கு ரிப்போர்ட் வாங்கி, பில், சர்டிபிகேட், கடையின் விசிட்டிங் கார்டு எல்லாவற்றோடும் இணைக்கட்டும். அதே தாள்களின் நகலைத் தாய்லாந்து சுற்றுலா போலீஸுக்கும் அனுப்பலாம். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் பணம் திரும்பும் என்ற நம்பிக்கையை நான் கொடுக்க மாட்டேன். அப்போதும் புகார் அனுப்பட்டும், அந்தக் கடையின் பெயர் அங்கே பதிவாகும்.

ஒன்றை மட்டும் இன்றைக்கே அவரிடம் சொல்லிவிடுங்கள். இப்படி ஏமாந்தவர்களைத் தேடிப் பிடித்து, “உங்கள் கல்லை நல்ல விலைக்கு வாங்க ஆள் இருக்கிறது” என்றோ, “உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், முதலில் கட்டணம் கட்டுங்கள்” என்றோ ஃபோனிலும் மெயிலிலும் வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம்.